வியர்வை தெரியாத வெயில்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுத்துப் போகிற ஊர் இது. என் கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். முப்பது வருடமாகக் கடற்கரை மணலில், நிழல் இல்லாத இடத்தில் குந்தியிருந்து வேலை செய்கிறார். அப்படிப்பட்டவர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பள்ளத்தாக்குப் பாதையில், பட்டப்பகலில், குளிர்காய்ச்சல் வந்தவர் மாதிரி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்க வெளிநாடு போய்வருகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களில் யாராவது கிராண்ட் கன்யன் என்ற அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் போவதாக இருந்தால் இதை வாசித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறான். மகளின் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் மூவரும் போனோம். ஜூன் முதல் வாரம். பீனிக்ஸில் இருந்து கன்யனின் தெற்கு விளிம்புக்குக் காரில் நாலு மணித்தியாலம் பிடிக்கும். விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டு, வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். எங்கள் முதல் பிழை அதுதான். அப்போது அது பிழை என்று எங்களுக்குத் தெரியாது.

காரை விட்டு இறங்கியதும் காற்று குளிர்ந்து கிடந்தது. தெற்கு விளிம்பு கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2100 மீற்றர் உயரம். நுவரெலியாவை விட உயரம், ஹோட்டன் சமவெளி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீனிக்ஸின் அனலில் இருந்து வந்த எங்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. "இதையா பாலைவனம் எண்டு பயப்படுத்தினனீ?" என்று இவர் தம்பியிடம் கேட்டார்.

முதல் பார்வையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. கோணேசர் கோயிலில் பின்பக்க மதிலோரம் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று வழுக்குமே, அந்த வழுக்கல் அங்கேயும் வந்தது. ஆனால் இங்கே கண் போய் நிற்கக் கடல் இருக்கிறது. அங்கே கண் போய்க்கொண்டே இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று படி படியாக இறங்கி, நடுவில் எங்கேயோ கறுத்த ஒரு பிளவு. அதற்குள்தான் கொலராடோ ஆறு ஓடுகிறது. பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீற்றர், ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல், அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர். இந்த எண்களை முன்னமே வாசித்திருந்தேன். நேரில் நின்றபோது அவை ஒன்றுக்கும் உதவவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு வீடோ பனையோ இல்லாததால் அளவு பிடிபடவே இல்லை. கோணேசர் மலையில் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லுகிற பிளவை, இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த மகள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அம்மா, இதை ஆர் வெட்டினது?" என்று மட்டும் கேட்டாள்.

இறங்குவது என்று முடிவெடுத்தோம். பிரைட் ஏஞ்சல் பாதை. அதன் வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எதில் வராது என்று அதில் எழுதிப் போடுவார்கள். பள்ளத்தாக்குக்குள்ளே தண்ணீர் கொண்டுபோகும் பழைய குழாய் அடிக்கடி உடைவதால் அந்தப் பலகை நாளுக்கு நாள் மாறும். நாங்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம், வாசிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் நாங்கள் வாசிக்காமல் விட்ட வரி மகளின் தோளுக்குப் பின்னால் தெரிகிறது.

பத்தேகால் மணிக்கு நடக்கத் தொடங்கினோம். இறக்கம், கால் தானாகவே போகிறது. முக்கால் மணித்தியாலத்தில் முதலாவது ஓய்வுக் கொட்டகை வந்துவிட்டது. விளிம்பில் இருந்து ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீற்றர். குழாயில் தண்ணீர் வந்தது, குடித்தோம். தம்பி, "அத்தான், இதோட திரும்புவமா?" என்று கேட்டான். இவருக்கு முகம் பூத்துக் கிடந்தது. தூரத்தில், அடுக்கடுக்கான செம்பாறைகளுக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. அவ்வளவு வறண்ட இடத்தில் மரங்கள். "அதை இன்னும் கொஞ்சம் கிட்டவாப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு இவர் நடக்கத் தொடங்கினார்.

அந்தப் பச்சைத் திட்டின் பெயர் ஹவாசுபாய் தோட்டம். முன்பு வேறு பெயர். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்து இருந்தவர்கள் ஹவாசுபாய் மக்கள். தேசியப் பூங்கா 1919இல் வந்தது. 1928இல் அங்கே கடைசியாக இருந்தவரும் வெளியேற்றப்பட்டார். அந்த மக்கள் கேட்டுக்கொண்டபடி 2022இல்தான் இடத்துக்கு அவர்களுடைய பெயரை வைத்தார்கள். இதைத் தம்பி நடந்துகொண்டே சொன்னான். இருந்த ஊரை விட்டு எழும்புவது என்றால் என்ன, ஓர் இடத்துக்கு எந்தப் பெயர் இருக்கிறது என்பது என்ன என்று எங்கள் மாவட்டத்துச் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பச்சையை அதற்குப் பிறகு நான் வெறும் காட்சியாகப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி ஆகும்போது மூன்றாவது மைலில் உள்ள கொட்டகையில் நின்றோம். விளிம்பில் இருந்து 645 மீற்றர் கீழே. கோணேசர் கோயில் நிற்கிற எங்கள் சுவாமி மலையை ஐந்து தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. பலகையில் எழுதியிருந்தது அதைத்தான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் மலை ஏறிப் பழகியவர்கள். கோணேசர் மலை என்றாலும் சிவனொளிபாதமலை என்றாலும் கஷ்டம் முதலில் வரும். ஏற முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம், திரும்புவது இறக்கம். மேலே போகப் போகக் குளிரும். பள்ளத்தாக்கில் எல்லாமே தலைகீழ். சுகமான பாதி முதலில் வந்துவிடும். கீழே போகப் போகச் சூடு கூடும். ஆற்றங்கரைக்கும் விளிம்புக்கும் இடையில் 11 முதல் 17 பாகை செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். களைத்துப்போன பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது, அதுவும் நாளின் மிகச் சூடான நேரத்தில். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற எடுக்கும் என்று பூங்காக்காரர்கள் சொல்லுவார்கள். காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் பாதையில் நடக்கவே வேண்டாம் என்றும் சொல்லுவார்கள். நாங்கள் இறங்கியதும் ஏறத் தொடங்கியதும் அந்த நேரத்துக்குள்தான்.

ஏறத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். இவர் பேச்சை நிறுத்திவிட்டார். தலை இடிக்கிறது என்றார், பிறகு சத்தி எடுத்தார். ஒரு பாறையின் நிழலில் இருத்தினோம். உடம்பு நடுங்கியது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. நாக்கில் வைத்தேன், உப்பு. அவருடைய கறுப்பு ரீசேட்டைப் பார்த்தால் முதுகிலும் கக்கத்திலும் அலை அலையாக வெள்ளைக் கோடுகள், கடல் வற்றிய இடத்தில் கிடக்கிற கோடுகள் மாதிரி. நிலாவெளி உப்பளத்தில் பாத்தி கட்டிய தண்ணீருக்கு வெயில் என்ன செய்யுமோ அதையே அங்கே மனிதத் தோலின் மேல் செய்திருந்தது.

எங்கள் ஊரில் வியர்வைதான் எங்களுக்கு மணிக்கூடு. சட்டை நனைந்து முதுகில் ஒட்டினால் நிழலுக்குப் போவோம், கண்ணுக்குள் உப்பு இறங்கினால் தண்ணீர் குடிப்போம். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாமல் நின்று எங்களுக்குச் செய்தி சொல்கிறது. அங்கே காற்று எலும்பு மாதிரிக் காய்ந்தது. வியர்வை வெளியே வந்த கணமே போய்விடுகிறது. மணிக்கு ஒரு லீற்றர், ஏற்றத்தில் வெயில் நேரே விழுந்தால் இரண்டு லீற்றர் கூடப் போகலாம். தோலைத் தொட்டால் காய்ந்து, சுகமாக இருக்கும். இவர் முப்பது வருடமாக நம்பி வந்த அடையாளம் அங்கே இல்லை.

இளஞ்சாம்பல் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளை மேலே இருந்து இறங்கி வந்தாள். இப்படிப் பாதையில் தடுமாறுகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே பூங்காவில் தொண்டர்கள் நடக்கிறார்கள். பள்ளத்தாக்குக்குள் இருந்து வருடத்துக்கு 250க்கு மேற்பட்டவர்களை மீட்டெடுக்கிறார்களாம். அவள் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பது இல்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விடிய வழியில் இரண்டு துண்டுப் பாண். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர், கிட்டத்தட்ட மூன்று லீற்றர். எங்களுடைய பங்கையும் அவருக்கே கொடுத்துக்கொண்டு வந்திருந்தோம். உப்பெல்லாம் வியர்வையோடு போக, மேலே மேலே வெறும் தண்ணீரை ஊற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும், அது தண்ணீர் குறைவதைப் போலவே ஆபத்து என்று விளக்கினாள். இன்னும் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, தன் பையில் இருந்து உப்புப் பிஸ்கட் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வைத்தாள்.

என் பெட்டிக்குள் ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள், ஆறு பைக்கற் இருந்தது. வயிற்றோட்டம் வந்தால் என்று ஊரில் இருந்து கொண்டுபோனது. முறுக்கு இருந்தது, உப்புக் கச்சான் இருந்தது, தேசிக்காய் ஊறுகாய் இருந்தது. எல்லாம் பீனிக்ஸில், தம்பி வீட்டு அறையில். அந்தப் பாறையடியில் இருந்துகொண்டு அதை நினைத்து நான் அழுதேன்.

மூன்று மணித்தியாலம் அந்த நிழலிலேயே இருந்தோம். அந்தப் பிள்ளை அரைவாசி நேரம் எங்களோடு இருந்துவிட்டு, நாலு மணிக்கு முதல் எழும்ப வேண்டாம் என்று சொல்லிப் போனாள். நாலு மணிக்குப் பிறகு இருபது அடி நடப்பதும் நிற்பதுமாக ஏறினோம். ஒன்றரை மைல் கொட்டகைக் குழாயில் அவர் சட்டையை, தொப்பியை, என் சல்வாரின் துப்பட்டாவை எல்லாம் தோய்த்து உடம்பில் போட்டோம். பருத்தித் துணி அங்கே அந்த வேலைக்கு நல்லது, காயும் வரை குளிர்த்தி கொடுக்கும். வழியில் கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். நாங்கள் அப்போது அதற்கும் தெம்பில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றோம். மேலே வரும்போது ஏழு மணி ஆகப் போனது. எங்களைக் கடந்து இறங்கிய எல்லோரும் நின்று வழி விட்டார்கள். ஏறுகிறவருக்குத்தான் முதலிடம் என்பது அங்கே வழக்கம்.

அன்றிரவு பூங்காவுக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கினோம். தம்பி உப்புப் போட்ட சூப் வாங்கி வந்தான். விடியும்போது இவர் தெளிந்துவிட்டார், ஆனாலும் இரண்டாம் நாள் அவரை எங்கும் நடக்க விடவில்லை.

நானும் மகளும் மட்டும் மறுபடி இறங்கினோம். போகத்தான் வேண்டுமா என்று தம்பி கேட்டான். அந்தப் பயத்தோடு ஊருக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. இந்த முறை சவுத் கைபாப் பாதை. அதன் தொடக்கத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போகவேண்டும். நடக்கிறவர்களுக்கென்றே விடியப்புறத்தில் ஒரு பஸ் ஓடுகிறது. ஐந்து மணிக்கு, வெளிச்சம் சரியாக வருவதற்குள் பாதையில் நின்றோம். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. அதனால் ஆளுக்கு இரண்டு லீற்றர், கடையில் வாங்கிய உப்புக் கடலை, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். கைபேசியில் ஆறரைக்கு அலாரம் வைத்தோம். எங்கே நின்றாலும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது அடித்தவுடன் திரும்புவது என்று பேச்சு.

சூரியன் பாறைகளின் உச்சியை மட்டும் தொட்டு, பிறகு படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. எங்களுக்கு முன்னால் வெளிச்சம், நாங்கள் இன்னும் நிழலில். ஒரு வளைவில் திரும்பியதும் கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. மகள் என் கையைப் பிடித்தாள், பதினெட்டு வயதுப் பிள்ளை. இன்னும் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் சீடார் ரிட்ஜ் என்ற செம்மண் மேடு. விளிம்பில் இருந்து 2.4 கிலோமீற்றர், 350 மீற்றர் இறக்கம். மேட்டை மிதித்து இரண்டு படம் எடுப்பதற்குள் அலாரம் அடித்தது. இன்னும் கீழே போகக் கால் கேட்டது. திரும்பினோம். எட்டேகாலுக்கு மேலே நின்றோம். தொண்டையில் தாகம் இல்லாதபோதே ஒவ்வொரு கால் மணிக்கும் இரண்டு மிடறு, ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு கை கடலை என்று வந்ததால் ஒரு களைப்பும் தெரியவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. கடல் மட்டத்தில் இருந்து போன எங்களுக்கு அந்த உயரம் புதிது, அதற்கு மெதுவாக நடப்பதைத் தவிர வழியில்லை.

சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் புறப்படும் முதல் நாள் வாங்கிய புதுச் சப்பாத்தோடு வந்தாள். இறக்கத்தில் பெருவிரல் நுனி முட்டி முட்டி நகம் கறுத்துப்போனது. போவதற்கு ஒரு மாதம் முன்னமே போட்டு, கோட்டைக்குள்ளால் கோணேசர் மலைக்கு ஏறி இறங்கிப் பழக்கிவிடுங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.

பின்னேரம் எல்லோருமாக ஹோப்பி முனைக்குப் போனோம். வயது போனவர்களோடு போகிறவர்களுக்கு அதுவே போதும் என்று நான் சொல்லுவேன். பஸ் கொண்டுபோய் விடுகிறது, விளிம்பில் நின்றால் எல்லாம் தெரிகிறது. ஆனால் அநேகமான இடங்களில் தடுப்பு இல்லை, பிள்ளைகளின் கையைப் பிடித்திருங்கள். அங்கே இருந்து பார்க்கும்போது தட்டையான தலையோடு ஒரு பெரிய மலை தனியாக நிற்கிறது. அதன் பெயர் சிவன் கோயில். கோயில் ஒன்றும் இல்லை, மலைக்கே அந்தப் பெயர். 1880களில் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர், பாறைகளின் வடிவத்தைப் பார்த்துவிட்டுச் சிவன், விஷ்ணு என்று பெயர் வைத்திருக்கிறார். ஆற்றங்கரையில் கிடக்கிற மிகப் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான், வயது 170 கோடி வருடத்துக்கு மேல். சூரியன் போகும்போது அந்த மலை செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. முதல் நாள் நடந்ததற்குப் பிறகு, கோணேசர் ஊரில் இருந்து போனவர் அதைப் பார்த்துக் கை கூப்பினார். நானும் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை விளிம்போரமாகவே ஒரு நடை. காலப் பாதை என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் வருடம். வழி நெடுக அந்தந்தக் காலத்துப் பாறைகளை எடுத்து வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். சமதரை, யாரும் நடக்கலாம். ஆறு இந்தப் பள்ளத்தை வெட்ட எடுத்தது ஐந்து, ஆறு மீற்றர்தான். நாங்கள் நிற்கிற மேற்பாறை 270 மீற்றரில் வந்தது. விஷ்ணு பாறைக்கு ஒன்றே முக்கால் கிலோமீற்றர் நடக்க வேண்டும். மகள் கேட்ட "ஆர் வெட்டினது" என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் இடத்துக்கு அப்பால், கடலுக்கு அடியிலும் இப்படி ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, 3000 மீற்றருக்கு மேல் ஆழம் போகிறது என்று தம்பி சொன்னபோது இவர் நம்பவில்லை. பிறகு, வலை போடுகிறவர்கள் கரையில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே அடி தெரியாத ஆழம் என்று சொல்வதை நினைத்துத் தலையாட்டினார். திமிங்கிலம் எங்கள் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான்.

அணில்களுக்குத் தீன் போடாதீர்கள். கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத் தோல் நீட்டிப் பழகிய கை எங்களுடையது, தானாகவே நீளும். அங்கே அது குற்றம், தண்டம் உண்டு. அணில் கடித்துத்தான் நிறையப் பேர் காயப்படுகிறார்கள். எங்கள் மான்களுடைய வயிற்றில் பொலித்தீன் போவதைப் பார்த்த பிறகும் நாங்கள் தீன் போடுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

செலவைப் பொறுத்தவரை, நாங்கள் போனபோது ஒரு காருக்கு ஏழு நாளைக்கு 35 டொலர். 2026இல் இருந்து அந்த நாட்டில் வதியாத, 16 வயதோ அதற்கு மேலோ உள்ள ஆளுக்கு 100 டொலர் மேலதிகமாகக் கட்ட வேண்டும், அதைக் கணக்கில் எடுங்கள். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் போகவே போகாதீர்கள். அன்றைக்கு ஹெலிகொப்டர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பிறகு பேசவே பயந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு இவர் கடற்கரைக்குப் போகும்போது தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு போத்தல் கொண்டுபோகிறார். முன்பு பின்னேரம் வந்ததும் தலையிடி என்று படுப்பார். இப்போது அது குறைவு.

போன கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வந்தான். ஓகஸ்ட் மாதம் அங்கே போகிறானாம், மூன்று நண்பர்களோடு. "மாமா, எங்கட வெயிலை விடவா?" என்று கேட்டான். இவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய், அலுமாரியில் இருந்து அந்த ஆறு ஜீவனிப் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தார்.

"பெட்டிக்குள்ள வைக்காத, தம்பி. முதுகில போடுற பையில வை."